கிளீனர் பக்கம்

எனக்கு எழுத வராது. நாலாவது வரைக்கும் படித்தவன். பேச்சும் பெரிதாக வராது. முன் சக்கர வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம், தெரிந்ததை எழுதிக் கொடுங்கள், ஷெட் சுவரில் ஒட்டி வைக்கிறோம் என்று கேட்டீர்கள். எழுதினேன். சுவரில் அடங்கவில்லை. படித்துவிட்டு மடித்து வையுங்கள்.

சக்கரத்துக்கு எத்தனை உள்சாய்வு வைப்பது, கிங் பின் எப்படி அடித்து எடுப்பது, இதெல்லாம் இதில் இல்லை. அதை உங்கள் மேஸ்திரி சொல்லுவார். இப்போது மிஷினும் வந்துவிட்டது. மிஷின் சொல்லாத விஷயம் இரண்டு எனக்குத் தெரியும். சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பஸ் வந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் உதறும். டிரைவர் பல்லே ஆடுகிறது என்றான். நான் கிங் பின் மாற்றினேன். டை ராடு மாற்றினேன். பேரிங் மாற்றினேன். இரண்டு நாள் ஆனது. உதறல் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அந்த பஸ் கண்டக்டர் வெற்றிலை மென்றுகொண்டே சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, ரிம்முல ஒரு கூடை ஏரி மண்ணு காஞ்சிக் கீது. அதுவும் வண்டியோட வந்த சாமானா?"

ஏரிக்கரைச் சேற்றில் நிறுத்தி எடுத்த பஸ். சேறு ரிம்முக்குள் ஒரு பக்கமாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. குச்சியால் சுரண்டினேன். உதறல் நின்றுவிட்டது. அதிலிருந்து ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் குச்சி எடுப்பேன். கண்டக்டரிடம் நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

இனி பெரியது.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் கிளம்புவதற்கு முந்தின வருஷம். அம்பத்தூரில் மெயின் ரோட்டு மேலேயே எங்கள் ஷெட். நாலு பனங்கம்பம், மேலே தகரம். நான் மேஸ்திரி. ஏகாம்பரம் பிட்டர். என்னைவிட இரண்டு வயது பெரியவன், பேச்சு என்னைவிடக் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்குப் பண்டிகை என்று அர்த்தம்.

அண்ணனூர் பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு செங்கல் சூளை இருந்தது. சூளைக்காரரை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவடியில் கட்டட வேலை நிறைய நடந்த காலம். கல் ஏற்ற மாட்டு வண்டி போதவில்லை என்று பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அமெரிக்காக்காரன் விட்டுவிட்டுப் போன லாரி. அதில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நம் ஊரில் டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டியரிங்கே இருக்காது. வழியில் ஜனம் நின்று வேடிக்கை பார்க்கும். மண்ணூர்பேட்டையில் ஒருத்தர், டிரைவர் இல்லாமல் வண்டி போகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

அந்த லாரியை ஓட்டியவன் கன்னியப்பன். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அவன் சேரியிலிருந்து லாரி ஓட்ட வந்த முதல் ஆள். அப்பன், பாட்டன் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள். இவன் பட்டாளத்தில் சேர்ந்து, இடது பக்க ஸ்டியரிங் பிடித்து, மலைப்பாதையில் எல்லாம் ஓட்டிவிட்டு, லைசென்சோடு திரும்பி வந்தான். நைனாவுக்கு அந்த லாரியை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார். ஆசையாக வைத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். அவன் சீட்டில் உட்கார்ந்து வருவது சூளையில் சிலருக்குக் கண்ணை உறுத்தியது. அவன் சேரியில் இன்னும் இரண்டு மூன்று பேர் அவனைப் பார்த்து லைசென்சுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் லாரி லோடோடு திருமுல்லைவாயிலைத் தாண்டிப் போகும்போது எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்தது. நடுவில் ஒரு ஆடு குறுக்கே ஓடியிருக்கிறது. கன்னியப்பன் பிரேக் அடித்தான். லாரி நிற்காமல் ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போய், வாய்க்கால் மதகை இடித்து, பள்ளத்தில் மூக்கை வைத்தது. மாட்டு வண்டிக்காரன் குதித்துத் தப்பினான். மாடு யாரையும் கேட்காமல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. கல் பாதி வாய்க்காலில்.

வண்டி இழுத்துவிட்டது என்றான் கன்னியப்பன். கள்ளுக் குடித்திருப்பான் என்றார்கள் சூளையில். கள் குடிக்காதவன் அவன். அதைச் சொன்னால் நம்புகிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை.

நாலு ஜோடி மாடு பூட்டி லாரியைப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்தார்கள். பின்பக்கம் சங்கிலி கட்டிப் பின்னாலேயே இழுத்தார்கள். இதை மறக்காதீர்கள். பிறகு வேண்டும்.

மறுநாள் காலையில் லாரி எங்கள் ஷெட்டுக்கு வந்தது. காலி வண்டி. கொண்டுவந்தவன் நைனா கொடுத்த சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'லோடில் பிரேக் போட்டால் கிளீனர் பக்கம் இழுக்கிறது என்று டிரைவர் சொல்கிறான். பார்த்து, வண்டியா ஆளா என்று சொல்லவும்.'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் தொழிலில் இடது, வலது என்று அப்போது யாரும் சொல்ல மாட்டோம். வண்டிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு இடது. உள்ளே உட்கார்ந்தவனுக்கு வேறு இடது. சண்டை வரும். அதனால் டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம். டிரைவர் உட்காருகிற பக்கம் ஒன்று, கிளீனர் உட்காருகிற பக்கம் மற்றது. இதில் குழப்பத்துக்கே இடமில்லை என்று நினைத்திருந்தோம்.

"கிளீனர் பக்கம் பட்டாவ அவுரு" என்றேன். பட்டா என்றால் அச்சுக்கு மேல் அடுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் தகடுகள்.

ஏகாம்பரம் நேராக இடது பக்கம் போனான். நானும் போனேன். பதினைந்து வருஷமாக நாங்கள் பார்த்த எல்லா வண்டியிலும் கிளீனர் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். கால் தானாகப் போகும்.

பட்டா நன்றாக இருந்தது. ஒரு தகடும் உடையவில்லை. பட்டாவைச் சுற்றி அச்சோடு கட்டுகிற யு போல்ட் இறுக்கமாக இருந்தது. பட்டாவையும் அச்சையும் சேர்த்து நிறுத்துகிற சென்டர் போல்ட் முழுசாக இருந்தது. கோல் வைத்துச் சக்கரத்தின் முன்னால் அளந்தேன், பின்னால் அளந்தேன். சரியாக இருந்தது.

ஏகாம்பரம் அன்றைக்குள்ள இருபது வார்த்தையில் கொஞ்சத்தைச் செலவு செய்தான். "அந்தாண்டையும் அவுத்துப் பாத்துடலாமா?"

"சொன்ன பக்கத்தப் பாத்தாச்சு. மாட்டு."

வெளியே இரண்டு வண்டி காத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு காரணமாகச் சொல்லலாம். உண்மையான காரணம் அது இல்லை. நான் அவிழ்க்காத பக்கத்து மட்கார்டு நசுங்கியிருந்தது. அதையும் பார்த்தேன். பட்டாளத்து லாரியில் நசுங்காத இடத்தைத்தான் தேட வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். லாரி தன்னாலான வரைக்கும் காட்டிக்கொண்டு நின்றது. நான் சீட்டை நம்பினேன். அதிலும் பாதியைத்தான்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்று தரம் பிரேக் போட்டேன். கயிறு கட்டி இழுத்தது போல நேராக நின்றது. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இடது கைப் பக்கம் கதவை வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை. மனிதன் பழக்கத்தில் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இதைவிட எனக்குத் தெரிந்து வேறு அளவுகோல் இல்லை.

சாயங்காலம் நைனா ஜட்காவில் வந்தார். இறங்கவில்லை.

"இன்னா மேஸ்திரி, வண்டியா, ஆளா?"

"வண்டில ஒண்ணும் இல்ல நைனா."

"அப்ப ஆளு."

"அத நான் சொல்லல."

"நீ சொல்ல வாணாம்."

ஜட்கா திரும்பிவிட்டது.

அதை நான் சொல்லவில்லை என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பிகளே, இரண்டே பதில் உள்ள கேள்வியில் ஒன்றை இல்லை என்று சொன்னால் மற்றதை நீங்கள்தான் சொல்கிறீர்கள். வாய் திறக்கவில்லை என்பது கணக்கில் வராது.

மறுநாள் சூளையில் எல்லாரும் கல் அறுத்துக்கொண்டிருக்கும்போது நைனா கன்னியப்பனைக் கூப்பிட்டு, குடித்துவிட்டு ஓட்டினாய், மேஸ்திரியே வண்டியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார், சாவியை வை என்றார். அவன் வைத்துவிட்டான். பூந்தமல்லியிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். நாற்பது வயசு, நிதானமானவர், நல்ல பேர் உள்ளவர். கன்னியப்பன் அம்பத்தூரில் வேறு ஒரு லாரி ஷெட், ஆவடியில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வேலை கேட்டான். மூன்று இடத்திலும் சூளை விஷயம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு இடத்தில், இனி உங்கள் தெருவிலிருந்து யாரும் லைசென்சைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் அவன் எங்கள் ஷெட்டுக்கு வந்தான். காலை பத்து மணி இருக்கும். வெள்ளிக்கிழமை. வாடகை சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்தான். காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துப் போட்டிருந்தான். வேலை இல்லாதவன் போட்டிருக்கும் காக்கிச் சட்டை தனியாகத் தெரியும்.

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தான். சண்டை வரும் என்று நினைத்து ஸ்பேனரைக் கையிலேயே வைத்திருந்தான்.

"சண்டைக்கு வரல அண்ணாத்தே" என்றான் கன்னியப்பன். "ஒண்ணு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"கேளு."

"நைனா சீட்டுல இன்னா எழுதியிருந்தாரு? நான் சொன்னத எழுதினாரா, தானா ஏதாச்சும் எழுதிக் குடுத்தாரா?"

"நீ சொன்னதுதான். கிளீனர் பக்கம் இழுக்குதுனு."

"அப்ப சரியாத்தான் எழுதிக்கிறாரு. அந்தப் பக்கம் அவுத்துப் பாத்தியா?"

"பாத்தேன். பட்டா புதுசு மாதிரி கீது."

அவன் கிட்டே வந்தான். பிறகு கேட்டான்.

"எந்தக் கைப் பக்கம் அவுத்த?"

நான் இடது பக்கம் கை காட்டினேன்.

"அண்ணாத்தே, அந்த வண்டில கிளீனரு எங்க குந்துறான்?"

ஏகாம்பரம் ஸ்பேனரைக் கீழே வைத்தான். தகரக் கூரையில் காக்கா நடக்கிற சத்தம் கேட்டது.

"எம் மடில குந்துவானா?" என்றான் கன்னியப்பன்.

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் உறைத்தது.

நான் யோசித்தேன். அவன் சொன்னது வலது பக்கம். நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. லோடில் என்று எழுதியிருந்தது, நான் காலி வண்டியை ஓட்டினேன். மதகு இருந்ததும் ரோட்டுக்கு வலது பக்கம். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டிக்கொண்டு நின்றது. காலி வண்டியில் நேராக நின்று, லோடில் பிரேக் போட்டால் மட்டும் ஒரு பக்கம் பாய்கிறது என்றால் என்ன? சென்டர் போல்ட் முறிந்திருக்க வேண்டும். யு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது. கனத்தில் பிரேக் விழுந்தால் அந்தப் பக்கத்து அச்சு பின்னால் நகரும், வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். அன்றைக்கும் அப்படி நகர்ந்திருக்கும். மாடு பூட்டிப் பின்னால் இழுத்தபோது அச்சு தன் இடத்துக்கே திரும்பி வந்திருக்கும். தப்பைத் துடைத்துவிட்டுத்தான் வண்டி என்னிடம் வந்திருக்கிறது.

"வண்டி இப்ப எங்க கீது?" என்றேன்.

"லோடு ஏத்திகினு இருப்பாங்க. பதினொன்ற ரயிலு போனப்புறம் கேட்டத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருவாங்க." பிறகு சொன்னான். "இன்னிக்கு வெள்ளிக்கெழம. பௌர்ணமி வேற."

அவன் மேலே சொல்லத் தேவையில்லை. பௌர்ணமி வெள்ளி என்றால் திருமுல்லைவாயில் ரோட்டில் ஜனம் தட்டோடும் பிள்ளையோடும் கோயிலுக்கு நடந்துகொண்டிருக்கும். அந்த ரோட்டில் அந்த லாரி ஒரு தரம் பிரேக் போட்டால் போதும்.

ஷெட்டில் இருந்தது அவனுடைய அந்த ஒரு சைக்கிள்தான். அவன் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்தேன். வேலை போனவன் மிதித்தான், போக வைத்தவன் குந்திக்கொண்டு போனேன். நான் மிதிக்கிறேன் என்று பாதி வழியில் சொன்னேன். "உன் கனத்துக்கு நீ குந்துறதே மேலு, நீ மிதிச்சா ரயிலு திரும்பி வந்துடும்" என்றான்.

அண்ணனூர் கேட்டைப் போய்ச் சேரும்போது ரயில் போய்விட்டது. கேட்காரர் திறந்துகொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு மாட்டு வண்டி, அதற்குப் பின்னால் லாரி. முழு லோடு. கன்னியப்பன் சைக்கிளோடு உள்ளே புகுந்து, லாரிக்கு முன்னால் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டான்.

பூந்தமல்லிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாப்பா, வேல போனா வண்டிக்கு முன்னால வுழணுமா? வேற வண்டியே கெடைக்கலியா?"

"அவன் வுழல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பக்கக் கதவு திறந்தது. நைனா உட்கார்ந்திருந்தார். கிளீனர் சீட்டில். ஆவடியில் ஆளைப் பார்க்கப் போகிறாராம். வலது பக்கம், முறிந்த போல்டுக்கு நேர் மேலே, மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேஸ்திரி?"

"எறங்குங்க நைனா. வண்டியப் பாக்கணும்."

"பாத்துட்டு ஒண்ணும் இல்லன்ன."

"திரும்பப் பாக்கணும்."

லோடு கட்டிய கயிற்றில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டேன். போதவில்லை, இன்னொன்றைச் சேர்த்து முடிந்தேன். இடது பக்கம் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் பிடித்து, அங்கே முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை வலது பக்கம் பிடித்தேன். முடிச்சு சரியாகப் பின் சக்கர நடுவில் வந்து உட்கார்ந்தது.

நைனா குனிந்து பார்த்தார். "சரியாத்தான் கீது."

கேட் திறந்துவிட்டதால் எதிர்ப் பக்கம் வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பிகளே, முதல் தரம் தப்பாகப் பார்த்தவன் இரண்டாம் தரம் ஊரைக் கூட்டி வைத்துத் தப்பாகப் பார்த்தால் ஆள் தீர்ந்தான். அதைவிட, கன்னியப்பன் தீர்ந்தான். அவன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை நான்.

"அண்ணே" என்று பூந்தமல்லிக்காரரைக் கேட்டேன். "மூணு நாளா ஓட்றீங்களே, இழுத்துதா?"

"எனக்கு எதுவும் இழுக்கல."

"பிரேக் போட்டீங்களா?"

அவர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "நான் பிரேக்கே போட மாட்டேன்பா. கியரு மாத்தியே நிறுத்துறவன் நானு."

நல்ல டிரைவர். அதனால்தான் மூன்று நாள் யாரும் சாகவில்லை.

"பின்னால எடுங்க. ஒரு நாப்பது அடி. அப்புறம் முன்னால வந்து, நான் துண்ட ஆட்டும்போது பிரேக்க ஏறி மிதிங்க."

"லோடு வண்டிலயா?"

"லோடு வண்டிலதான்."

வலது பக்கம் நின்றவர்களை எல்லாம் வயலில் இறங்கச் சொன்னேன். நைனாவையும் இறங்கச் சொன்னேன். வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார். லாரி பின்னால் போய், முன்னால் வந்தது. துண்டை ஆட்டினேன். அவர் மிதித்தார்.

லாரி வலது பக்கம் மூக்கைத் திருப்பியது. வரப்பில் பசும்புல்லைப் பார்த்த மாடு போல, அவசரம் இல்லாமல், ஆனால் ஒரே முடிவாகத் திரும்பியது. ஒரு சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி நின்றது. நைனா ஏற்கெனவே வயலில் இருந்ததால் இன்னும் இரண்டு அடி உள்ளே போனார்.

பூந்தமல்லிக்காரர் இறங்கி வந்தார். "நான் திருப்பல. அதுவா திரும்புச்சு."

"இதத்தான் நானும் சொன்னேன்" என்றான் கன்னியப்பன். அன்றைக்கு அந்த இடத்தில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

கயிற்றைப் பிடித்தேன். இடது பக்கம் முடிச்சு சரியாக இருந்தது. வலது பக்கம் இரண்டு விரல்கடை குறைந்தது. எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னேன். மாட்டு வண்டிக்காரர்கள்கூட வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கீழே புகுந்தேன். பட்டாவுக்கு மேலே சென்டர் போல்டின் நட்டைத் தொட்டேன். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. நட்டோடு அரை போல்ட் விரலிலேயே வந்துவிட்டது. முறிந்த வாய் முழுக்கத் துரு. நேற்று முறிந்த இரும்பு வெள்ளையாக இருக்கும். இது பட்டாளத்திலேயே முறிந்தது. கன்னியப்பன் அந்தச் சீட்டில் உட்காருவதற்கு முன்னாலேயே.

வெளியே வந்து அதை நைனா கையில் வைத்தேன்.

"வண்டிதான் நைனா. ஆளு இல்ல."

"அன்னிக்கு ஏன் தெரியல?"

"அன்னிக்கு நான் இந்தப் பக்கம் பாக்கல. இடது பக்கம் பாத்தேன்."

"கிளீனர் பக்கம்னு நான் தெளிவா எழுதினேனே."

"எழுதினீங்க."

நைனா தான் இறங்கி வந்த சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருந்த அரை போல்டைப் பார்த்தார். அவருக்கு அது புரிய எனக்கு ஆன நேரத்தில் பாதிதான் ஆனது.

"நான் எழுதினது சரி" என்றார்.

"சரிதான் நைனா. அவன் சொன்னது சரி. நீங்க எழுதினது சரி. வண்டி காட்டினதும் சரி. தப்பு நான் ஒருத்தன்தான்."

வண்டிக்காரர்கள் கத்துவதை நிறுத்தியிருந்தார்கள். சூளை ஆட்கள் இரண்டு பேர் லோடு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நைனா சாவியைப் பூந்தமல்லிக்காரரிடம் கேட்டு வாங்கி, கன்னியப்பனிடம் நீட்டினார். அவருக்கு அது பெரிய வார்த்தை.

கன்னியப்பன் வாங்கவில்லை. "போல்ட் மாட்றவரைக்கும் இந்த வண்டிக்கு டிரைவரே வாணாம் நைனா" என்றான். "மாட்டட்டும். அப்புறம் சூளைக்கு வரேன். அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் வாங்கினீங்க. எல்லாரு முன்னாலயும் குடுங்க."

நைனா சாவியை மடியில் செருகிக்கொண்டார். இரண்டாம் நாள் கொடுத்தார். எல்லார் முன்னாலும்தான். நான் பார்க்கவில்லை, ஏகாம்பரம் போல்ட் மாட்டப் போனபோது பார்த்தான். எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். "கையால" என்றான்.

எனக்கு வேலை இன்னும் பாக்கி இருந்தது. கேட்டிலிருந்து திரும்பும்போது கன்னியப்பன் சொன்னான். "அண்ணாத்தே, எனக்கு நைனா கீறாரு. எங்க தெருவுல மத்தப் பசங்களுக்கு மூணு ஷெட்டு மூடிக் கீது. அதத் தொறந்து வுட்டுடு."

மூன்று ஷெட்டுக்கும் போனேன். அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அம்பத்தூரில் சொன்னேன். ஆவடியில் சொன்னேன். பூந்தமல்லி மேஸ்திரி எனக்குத் தொழிலில் எதிராளி. சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"அப்ப உனக்கு வேல தெரியலன்னு சொல்லிட்டுப் போக இவ்ளோ தூரம் வந்த?"

"ஆமா."

"எந்தப் பக்கம்னே தெரியாம அவுத்த."

"ஆமா."

"இத நான் பத்து பேராண்ட சொல்லுவேன்."

"சொல்லு. அந்தப் பையன் குடிக்கலன்றதையும் சேத்துச் சொல்லு."

சொன்னார். இரண்டையும் சொன்னார். என் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த வண்டிகள் சில அவரிடம் போயின. அவன் தெருவிலிருந்து அடுத்த வருஷம் இரண்டு பேர் ஸ்டியரிங் பிடித்தார்கள், ஒருவன் அந்தப் பூந்தமல்லி ஷெட்டிலேயே. ஒரு வண்டியைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு அரை நாள் பிடித்தது. அதைத் திரும்ப எடுக்க ஐந்து நாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்கிற பேச்சை நிறுத்தினோம். வேறு என்ன சொல்வது என்று யோசித்தோம். ஏகாம்பரம்தான் சொன்னான். "சோத்துக்கை, பீச்சாங்கை." வண்டி அமெரிக்காவில் செய்ததாக இருந்தாலும், ஸ்டியரிங் எங்கே இருந்தாலும், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தவனுக்குச் சோறு தின்கிற கை மாறாது. அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. நைனாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. கோயில் காரியங்களில் இருக்கிறவர். அந்த வார்த்தையைச் சீட்டில் எழுத மாட்டேன் என்றார். 'உண்ணாத கைப் பக்கம் சத்தம் கேட்கிறது' என்று எழுதி அனுப்புவார். நாங்கள் அதையும் புரிந்துகொண்டோம்.

சீட்டு வந்தாலும் டிரைவர் வராமல் வண்டியைத் தொடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். வண்டியில் ஏறி உட்காரச் சொல்லுவேன், எந்தக் கை என்று கேட்பேன், தூக்கிக் காட்டச் சொல்லுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கை தூக்கினால் போதும்.

கொஞ்ச வருஷம் போன பிறகு கன்னியப்பன் வேறு ஒரு லாரியைக் கொண்டுவந்தான். இது நம் ஊர் வண்டி. ஸ்டியரிங் வலது பக்கம். ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கிளீனர் பக்கம் இழுக்குது அண்ணாத்தே."

நான் ஸ்பேனரை எடுக்காமல் நின்றேன். அவன் பீச்சாங்கையைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டு பக்கமும் அவிழ்த்தேன்.